ரங்கூன் ஜிகினா

ரங்கூனில் முதல் குண்டு விழுந்து சரியாக ஒரு வருஷம் ஆன அன்று காலையில் ராஜாத்தி பரணில் ஏறினாள்.

கீழே அடுப்பில் கூழ் வைத்திருந்தாள். கொதி வருவதற்குள் இறங்கிவிடலாம். விதைமல்லி மூட்டைக்கும் உடைந்த கலப்பைக்கும் நடுவே பிஸ்கோத்துப் பெட்டி இருந்தது. போன வருஷம் அவள் வைத்த இடம்தான். தகரப் பெட்டி. மூடியில் குதிரை வண்டியில் போகும் ஒரு வெள்ளைக்காரி. இழுத்தபோதே கைக்குத் தெரிந்துவிட்டது. ஜிகினாவுக்குக் கனம் என்று ஒன்றும் இல்லை. ஆனாலும் மூன்று வருஷம் ஏற்றி இறக்கிய கைக்கு அது இருப்பதும் இல்லாததும் தெரியும்.

மூடியைத் திறந்தாள். நான்காக மடித்த வேட்டித் துண்டு இருந்தது. இரண்டு அந்துருண்டை இருந்தது. துண்டை உதறினாள். சிவப்பு இழை ஒன்று மட்டும் நெசவில் சிக்கிக்கொண்டு மினுங்கியது.

மொத்தம் ஆறு சரம். மூன்று சிவப்பு, இரண்டு பொன்னிறம், ஒன்று பச்சை. கையை விரித்து அளந்தால் ஒவ்வொன்றும் நாலு பாகம் நீளம். முப்பத்தொன்பதாம் வருஷம் அவள் புருஷன் தாவீதுராஜ் ரங்கூனிலிருந்து லீவில் வந்தபோது கொண்டுவந்தது. அங்கே அரிசி ஆலையில் மூட்டை எடை போடுகிற வேலை. ரங்கூன்காரன் பெண்சாதிக்குச் சங்கிலி கொண்டுவருவான், பட்டு கொண்டுவருவான் என்று பார்த்திருந்த ஊர், அவன் தகரப் பெட்டியைத் திறந்து ஜிகினாவை எடுத்ததும் சிரித்தது. அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வாசல் நிலையிலும் கூரை விளிம்பிலும் தொங்கவிட்டான். சாயங்கால வெயிலில் வீடு தீப்பிடித்த மாதிரி நின்றது. திருச்சுழி ரோட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கியவர்கள் ஒன்றரை மைல் தள்ளி அதைப் பார்த்துவிட்டு, என்ன ஏது என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். சிரித்த ஊர் வாயை மூடிக்கொண்டது.

பொங்கல் கழிந்து அவன் கப்பலேறினான். நாற்பதில் ராஜாத்தி கட்டினாள். நாற்பத்தொன்றிலும் கட்டினாள். அந்த வருஷம் கட்டும்போது ரங்கூனில் குண்டு விழுந்து ஒரு நாள் ஆகியிருந்தது. அது இந்தக் கரிசல் காட்டுக்குத் தெரியாது. தெரியாமல் கட்டினாள். தெரிந்தபிறகு அவிழ்த்தாள்.

கூழ் பொங்கி அடுப்பில் வழியும் சத்தம் கேட்டது. வெற்றுப் பெட்டியோடு இறங்கினாள்.

முற்றத்தில் நாத்தனார் மரியசெல்வி கம்பு குத்திக்கொண்டிருந்தாள். உலக்கை ஒரே சீராக விழுந்தது. ராஜாத்தி பெட்டியைக் கொண்டுபோய் உரலுக்கு முன்னால் வைத்தாள். உலக்கை நிற்கவில்லை. உமி பறந்து மூடியில் இருந்த வெள்ளைக்காரி மேல் விழுந்தது.

"செல்வி, இதுல இருந்தது எங்க?"

"கூழு தீயுது மதினி."

"தீயட்டும்."

மரியசெல்வி உலக்கையை நிறுத்தினாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. சின்னண்ணன் செல்வதுரை திங்கட்கிழமை எடுத்துக்கொண்டு போனதாகச் சொன்னாள். எங்கே என்று ராஜாத்தி கேட்கவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது.

அந்த ஊர்க் கிறிஸ்தவச் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. வருஷத்துக்குள் சாவு விழுந்த வீட்டில் கிறிஸ்துமஸுக்கு ஜிகினா ஏறாது. அந்த வீட்டு ஜிகினா கோயிலுக்குப் போகும். வீட்டுக்காரி தன் கையால் கொண்டுபோய்க் கொடுப்பாள். அவ்வருஷம் பஜனைக் கூட்டம் அந்த வாசலுக்கு வந்ததும் பாட்டை நிறுத்திக்கொண்டு தலையைக் குனிந்து கடந்துபோகும். புது வருஷ ஜெபத்துக்கு வீட்டுக்காரி வெள்ளைச் சேலையில் வருவாள். மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து ஜிகினா வீட்டுக்குத் திரும்பும். அதோடு சாவுத் துட்டி கழிந்தது. அதற்குப் பிறகு அங்கே கல்யாணம் வைக்கலாம், காட்சி வைக்கலாம். ஜிகினா ஏறாத ஒரு கிறிஸ்துமஸைக் கடக்காத வரை எதுவும் கூடாது.

கோயிலுக்குப் போனது ஜிகினா அல்ல. தன் புருஷன் என்று ராஜாத்திக்குத் தோன்றியது.

கூழ்ப்பானையை இறக்கி வைத்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு காட்டுக்கு நடந்தாள்.

மழை நின்று பத்து நாள்தான். கரிசல் இன்னும் காலை விடவில்லை. அப்பிய மண் ஒவ்வொரு எட்டுக்கும் கனத்தது. பனி இறங்கிக் கொத்தமல்லிச் செடிகள் வெளுத்து நின்றன. கம்பங்காட்டின் நடுவே காவல் பரண் மேல் கொழுந்தன் செல்வதுரை கவணோடு நின்றான். குருவிக் கூட்டம் ஒரு மூலையில் எழுந்து இன்னொரு மூலையில் விழுந்தது.

"எறங்கு" என்றாள்.

"வெயில் ஏர்ற வரைக்கும் எறங்க முடியாது மதினி. கதிர மொட்டையாக்கிரும்."

"எறங்குன்னேன்."

இறங்கினான். இருபத்தைந்து வயது. அண்ணனைப் போலவே தோள். அவளைவிட ஒரு சாண் உயரம். ஆனாலும் அவள் முன்னால் கவணின் வாரைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு நின்றான்.

"ஒளிச்சுச் செய்யணும்னு இல்ல மதினி. சொன்னா விட மாட்டீக. அதான்."

"திருடுறவன் எல்லாரும் அதத்தான் சொல்லுவான்."

அவன் முகம் கறுத்தது. பந்தல்குடிக்காரர்கள் ஆள் விட்டதைச் சொன்னான். மரியசெல்விக்குப் பேசி வைத்திருந்த இடம் அது. மாப்பிள்ளை ரோட்டோரம் கடை வைத்திருந்தான். நல்ல குடும்பம். தை பிறந்ததும் நாள் குறிக்க வேண்டும் என்கிறார்கள். துட்டி உண்டா இல்லையா என்று தெரியாத வீட்டில் கை நனைக்க மாட்டோம் என்று மாப்பிள்ளையின் தகப்பனார் நேருக்கு நேர் சொல்லிவிட்டார்.

"இருந்தா இந்தக் கிறிஸ்துமசோட கழிச்சிருங்க, இல்லேன்னா ஆளக் கொண்டாந்து காட்டுங்கன்னாரு. ஆளுக்கு நான் எங்க போக?"

"காட்ட முடியலேன்னா கொன்னுருவியோ?"

"நானா கொன்னேன்? ஜான்ராஜ் அண்ணன் சொல்லிருச்சு மதினி. உபதேசியாரு முன்னாடி, வேதத்துல கை வச்சுச் சொல்லிருச்சு. நான்தான் கண்ண மூடி விட்டேன், நான்தான் மண்ணத் தள்ளுனேன்னு."

ராஜாத்தி கம்பங்கதிர் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள்.

ஜான்ராஜும் தாவீதுராஜும் ஒரே ஆலை. ஒரே வரிசைக் குடிசை. குண்டு விழுந்தபிறகு ஆயிரம் ஆயிரமாய் ஜனங்கள் ரங்கூனைவிட்டு நடந்தபோது இருவரும் சேர்ந்தே நடந்தார்கள். சித்திரையில் ஜான்ராஜ் மட்டும் வந்து சேர்ந்தான். கரிப்புகையில் ஓடும் பஸ்ஸிலிருந்து அவனைத் தூக்கித்தான் இறக்கினார்கள். பாதம் இரண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கி, குதிகாலில் எலும்பு தெரிந்தது. ராஜாத்தி நாற்பது நாள் அவன் வீட்டுக்குக் கூழ் கொண்டுபோனாள். வேப்பிலை அரைத்துப் பற்றுப் போட்டாள். மூன்றாம் நாள் அவன் வாயைத் திறந்தான். அரக்கான் மலையில் தாவீதுராஜ் அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது என்றான். ஒரு மரத்தடியில் உட்கார்ந்தவன், நீ முன்னால் போ, நான் பின்னால் வருகிறேன் என்றானாம். அவ்வளவுதான். அதற்கு மேல் அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பின்னால் வருகிறேன் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எட்டு மாதம் ஓட்டினாள்.

"எப்பச் சொன்னாரு?" என்று கேட்டாள்.

"போன ஞாயித்துக்கெழம. ஜெபம் முடியவும்."

போன ஞாயிற்றுக்கிழமை அவள் இதே பரண் மேல் நின்றாள். காலையில் வயிற்று வலி என்று செல்வதுரை சுருண்டு படுத்தான். நீங்கள் ஒரு நாள் குருவி விரட்டுங்கள் மதினி என்றான். ஓமத்தண்ணீர் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். பொழுது சாயும் வரை தகரத்தைத் தட்டிக்கொண்டு தொண்டை கட்டக் கத்தினாள்.

"ஒனக்கு வயித்து வலின்ன."

அவன் குனிந்து காலில் அப்பிய மண்ணை வழித்தான்.

"ஓமத்தண்ணியக் குடிச்சுட்டுப் போயித்தான் ஒங்கண்ணன் சாவக் கேட்டியா?"

"பேரு வாசிச்சாச்சு மதினி" என்றான். குரல் உடைந்து, உடைந்ததால் கோபமாக மாறியது. "மரிச்சவுக பேரோட பேரா வாசிச்சாச்சு. எனக்கு மட்டும் அண்ணன் இல்லையா? எட்டு மாசமா நானும் அந்த ரோட்டத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் பாக்கேன். செல்விக்கு இருவத்திரெண்டு முடியப்போகுது. அவ கூடப் பெறந்த வயசுக்காரி எல்லாம் ரெண்டு பிள்ளையோட திரியிறா. நான் எவன் எவன் வாயில எல்லாம் விழுகிறது? ஒங்கள யாரும் வீட்ட விட்டுப் போகச் சொல்லல. எப்பவும் போல இருங்க. புது வருசத்துக்குச் சேலகூட எடுத்து வச்சுட்டேன். நூலே இல்லாத காலத்துல அருப்புக்கோட்டைல எட்டுத் தறி வீடு ஏறி எறங்கி எடுத்தாந்தேன்."

கடைசி வாக்கியத்தை அவன் சொல்லியிருக்கக் கூடாது. அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"வெள்ளையா?" என்று கேட்டாள்.

தலையைக் குனிந்தான்.

"எங்க வச்சிருக்க?"

"செல்வி பெட்டியில."

கல்யாணப் பெட்டிக்குள் தன் சேலை. ராஜாத்தி திரும்பி நடந்தாள். குருவிகள் காட்டின் நடுவிலேயே இறங்கிவிட்டன. பின்னால் கவண் சுழலும் சத்தம் கேட்கவில்லை.

கோயில் ஊர் மேற்கில் இருந்தது. ஓட்டுக் கட்டடம். புதுச் சுண்ணாம்பு வாசனை வாசலுக்கு வெளியிலேயே அடித்தது. சண்டை வந்ததிலிருந்து அருப்புக்கோட்டைக் கடைகளில் ஜிகினா வரத்து நின்றுவிட்டது. சிகரெட்டுப் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாளைச் சேர்த்து வைத்து, சோறு வடித்த கஞ்சியால் ஒட்டி, நட்சத்திரம் செய்திருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு நட்சத்திரம் நூலில் சோர்ந்து தொங்கின. அவற்றின் நடுவே உத்தரத்திலிருந்து உத்தரத்துக்கு ரங்கூன் ஜிகினா போயிருந்தது. சிவப்பு, பொன், சிவப்பு. ஏணி மேல் நின்று பச்சைச் சரத்தை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தவன் ஜான்ராஜ். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் உபதேசியார் மனைவி ரூத்.

ஜான்ராஜ் அவளைப் பார்த்தான். பச்சைச் சரத்தை அரைகுறையாக விட்டுவிட்டு இறங்கினான். ஏணியின் கடைசி இரண்டு படியைத் தாண்டிக் குதித்து, செருப்பைக்கூடப் போடாமல் பக்கத்துக் கதவு வழியாக வெளியே போனான். பாதம் நன்றாக ஆறியிருந்தது.

ராஜாத்தி ஏணியில் கால் வைத்தாள்.

"என்ன செய்யிற?" என்றாள் ரூத்.

"எங்க வீட்டுச் சாமான எடுக்கேன். ஏணியப் பிடிக்கணும்னா பிடிங்க. விடணும்னா விடுங்க."

ரூத் ஏணியை விட்டுவிட்டாள். ஏணி ஆடியது. ராஜாத்தி ஒரு கையால் உத்தரத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பச்சைச் சரத்தை உருவினாள். பிறகு முதல் சிவப்பு. ஜிகினாவின் விளிம்பு விரல் இடுக்கில் அறுத்தது. நறுக்குகள் உதிர்ந்து புதிதாய் மெழுகிய தரையில் விழுந்தன.

"ரெங்கூன் ஜிகினாவுக்கு ரெங்கூன் கோவமாக்கும்" என்றாள் ரூத். "கோயிலே மூளியா நிக்கிற வருசத்துல நாலு நாளு தொங்கிட்டுப் போனா ஒங் குடியா முழுகிரும்?"

"முழுக்குனதுதான. ஞாயித்துக்கெழம பேரு வாசிச்சு முழுக்குனீகளே."

சத்தம் கேட்டு உபதேசியார் உள்ளே வந்தார். கையில் பசைச் சட்டி. மெலிந்த மனிதர். சண்டைக்கு அஞ்சுகிறவர். கோயிலில் ஏறியது மூன்று ராஜாக்கள் திருநாள் வரை கோயிலுக்குச் சொந்தம், இறக்கக் கூடாது தாயி என்று சொல்லிப் பார்த்தார். அவள் ஏணியை நகர்த்தி அடுத்த உத்தரத்துக்குச் சாத்தினாள்.

"ஏத்துனது யாரு?" என்று மேலிருந்து கேட்டாள்.

"ஏன், ஒங் கொழுந்தன்தான் கொண்டாந்து குடுத்தான்."

"துட்டி வீட்டு ஜிகினாவ யாரு குடுக்கணும் ஐயா? கொழுந்தனா, வீட்டுக்காரியா? பதினஞ்சு வருசமா இந்தச் சபைக்கு நீங்கதான் வாங்கி வைக்கிறீக. யாரு கையால வாங்குனீக இத்தன நாளும்?"

உபதேசியார் பசைச் சட்டியைக் கீழே வைத்தார். ரூத் அவரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார். செல்வதுரை ஜிகினாவோடு வந்து நின்றபோது, கோயில் இந்த வருஷம் வெறுமையாய் இருக்குமே என்று இருந்த கவலையில், அதை அவர் கேட்க மறந்துவிட்டார். அல்லது கேட்காமல் இருந்துவிட்டார்.

"தப்புத்தான்" என்றார் கடைசியில். "அப்ப இப்பக் குடு தாயி. ஒங் கையால குடு. நான் ஜெபம் பண்ணி வாங்கிக்கிறேன்."

"குடுக்க மாட்டேன்."

"அவன் சத்தியம் பண்ணிச் சொல்லிருக்கான்."

"எங்கிட்டச் சொல்லல. என்னையக் குருவி விரட்ட விட்டுட்டு ஒங்ககிட்டச் சொல்லிருக்காரு. எங்கிட்டச் சொன்னது வேற."

ஆறாவது சரத்தையும் இறக்கி எல்லாவற்றையும் தோளில் போட்டுக்கொண்டாள். காதுக்குப் பக்கத்தில் அது சரசரத்தது. பஜனை உன் வாசலில் நிற்காது, பார்த்துக்கொள் என்றாள் ரூத்.

"நிக்க வேண்டாம். நடந்து போங்க" என்றாள் ராஜாத்தி. "விட்டுட்டு நடக்கத் தெரிஞ்ச ஆளு ஒங்க கூட்டத்துல இருக்குல்ல. அவரு வழி காட்டுவாரு."

வீட்டுக்கு வந்து நாத்தனாரின் பெட்டியைத் திறந்தாள். மேலாக இரண்டு சேலை, ஒரு ரவிக்கைத் துணி, பித்தளைச் சிமிழ். அடியில் வெள்ளைச் சேலை. நூல் பஞ்சத்தில் நெய்ததுதான். ஆனாலும் அடர்த்தியான நெசவு. கஞ்சி மணம் போகவில்லை. அதை வெளியே எடுத்துவந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். ஓரத்தைப் பல்லால் கடித்து ஒரு கிழி கிழித்தாள். ஜிகினா கட்ட வீட்டில் சணல் இல்லை. கடையிலும் இல்லை. விரல் அகலத்துக்கு ஒரு கீற்று. அதற்கு அடுத்து ஒன்று.

கிழிகிற சத்தம் கேட்டு மரியசெல்வி ஓடிவந்தாள். முறத்தைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். ஊரில் பாதிப் பெண்கள் ஒற்றைச் சேலையைத் துவைத்துக் காயவைத்துக் கட்டிக்கொண்டிருந்த வருஷம் அது.

"புதுச் சேல மதினி."

"கட்டிக்கச் சொல்லித்தான வாங்குனது. கட்டுறேன்."

ஏணிக்குப் பதிலாக மர உரலைக் கவிழ்த்துப் போட்டு ஏறினாள். கூரை விளிம்பில் நீட்டிய பனைவரிச்சுக் கழியில் முதல் சரத்தை வைத்து வெள்ளைக் கீற்றால் முடிந்தாள். மரியசெல்வி முறத்தைக் கீழே வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கம்பை வெறுமனே புடைத்தாள். பிறகு புடைப்பதை நிறுத்திவிட்டுப் பேசினாள். அவள் இவ்வளவு பேசி ராஜாத்தி கேட்டதில்லை.

"ஒங்களுக்காவது ஒரு புருசன் இருந்தாரு மதினி. ரெண்டு மாசமோ மூணு மாசமோ, இருந்தாரு. ரெங்கூன்ல இருந்து லெட்டர் வந்துச்சு. நான் என்னத்தக் கண்டேன்? கம்பு குத்துறேன், களை வெட்டுறேன், ஒங்க ரெண்டு பேரு மொகத்தையும் பாக்கேன். அண்ணன் செத்துருச்சுன்னா நான் அழ மாட்டேனா? அழுதுட்டு இருக்கேன், ஒங்களுக்குத் தெரியாம. ஆனா இந்தத் தை போனா அவுக வேற எடம் பாத்துருவாக. அடுத்த வருசமும் நீங்க ஜிகினா கட்டுவீக. அதுக்கு அடுத்த வருசமும் கட்டுவீக. வராத மனுசனுக்கு நீங்க கட்டிக்கிட்டே இருங்க, நான் கம்பு குத்திக்கிட்டே இருக்கேன்."

ராஜாத்தியின் கை முடிச்சில் நின்றது. காலையிலிருந்து யாரும் அவளை அடிக்கவில்லை. இது அடித்தது.

உரலிலிருந்து இறங்கினாள்.

"செல்வி, நல்லாக் கேட்டுக்க. அவுக செத்தத நான் நம்ப மாட்டேன்னு சொல்லல. எட்டு மாசமா ரோட்டப் பாத்தா எனக்கு மட்டும் தெரியாதா? ஆனா எம் புருசன் செத்தத என் கண்ணப் பாத்து ஒருத்தன் சொல்லணும். எனக்குப் பின்னால கூடிப் பேசி, வேதத்துல கை வச்சு, எனக்கு ஒரு சேலைய எடுத்து ஒளிச்சு வைக்கிறதுன்னா அது என்ன நாயம்? அந்த ஆளு எங்கிட்ட நேருல சொல்லட்டும். சொன்ன நிமிசம் நானே அவுத்து, என் கையால கொண்டுபோயிக் குடுத்துர்றேன். ஒங் கல்யாணத்துக்கு நானே முன்ன நிக்கேன்."

"சொன்னாக் குடுப்பீகளா?"

"குடுப்பேன்."

மரியசெல்வி முறத்தைச் சுவரில் சாத்தினாள். பொன்னிறச் சரத்தின் ஒரு முனையை எடுத்துப் பிடித்துக்கொண்டாள். இருவருமாகக் கட்டி முடித்தார்கள்.

அன்று மாலையில் ஊர் பூராவும் பேச்சு அதுதான். கோயிலைக் கொள்ளையடித்துவிட்டாள் என்றது ஒரு தெரு. வழக்கப்படி அவள் கேட்டது சரி என்றது இன்னொரு தெரு. வெள்ளைச் சேலையைக் கிழித்ததை மட்டும் எந்தத் தெருவும் மன்னிக்கவில்லை. செல்வதுரை பொழுது சாய்ந்து வந்தான். வாசலில் நின்று கூரையைப் பார்த்தான். முடிச்சுகளைப் பார்த்தான். எந்தத் துணி என்று அடையாளம் தெரிந்தது. உள்ளே வராமல் மாட்டுக்கொட்டத்திலேயே படுத்துக்கொண்டான். ராஜாத்தி சோற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டான். அதுவும் கோபத்தோடுதான்.

மறுநாள் கருப்பட்டி காய்ச்சினாள். சீனி கிடைக்காத வருஷம். இடித்த மாவில் பாகை ஊற்றிப் பிசைந்து, தட்டி, கொஞ்சம் எண்ணெயில் பன்னிரண்டு அதிரசம் சுட்டாள். பஜனைக் கூட்டத்தில் எப்போதும் பன்னிரண்டு பேர். ஜிகினா ஏறிய வீடு தட்டோடு வாசலில் நிற்க வேண்டும்.

மண்ணெண்ணெய் பங்கீட்டில் வந்ததால் விளக்குப் பிடிக்க வழியில்லை. வெயில் இருக்கும்போதே பஜனையைத் தொடங்கிவிட்டார்கள். தாளமும் கஞ்சிராவும் மேற்கேயிருந்து தெருத் தெருவாக நெருங்கின. ஒரு வாசலில் நிற்கும். பாட்டு முடியும். அடுத்த வாசல். ராஜாத்தி தட்டோடு வெளியே வந்து நின்றாள். கழுத்தில் தாலி வெளியே கிடந்தது. மரியசெல்வி நிலைக்கு உள்ளே நின்றாள். செல்வதுரை கொட்டத்தின் கழியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வெயில் சாய்ந்து நேரே கூரை விளிம்பில் விழுந்தது. ஆறு சரமும் ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டன. ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியும்.

கூட்டம் தெரு திரும்பியது. முன்னால் உபதேசியார். வீட்டைக் கண்டதும் அவர் குரல் தாழ்ந்தது. பேர் வாசித்த வீடு. ஜிகினா ஏறிய வீடு. பின்னால் வந்தவர்களில் சிலர் பாட்டை நிறுத்தித் தலையைக் குனிந்தார்கள். சிலர் பாடிக்கொண்டே வந்தார்கள். ஒரு அடி பாட்டாகவும் ஒரு அடி மௌனமாகவும் அது வாசலுக்கு வந்து சேர்ந்தது. உபதேசியார் நின்றார். அவர் நின்றதால் எல்லோரும் நின்றார்கள். கஞ்சிரா மட்டும் இன்னும் இரண்டு தட்டுத் தட்டி ஓய்ந்தது. கஞ்சிரா ஜான்ராஜின் கையில் இருந்தது.

ராஜாத்தி தட்டை நீட்டினாள். உபதேசியார் தயங்கி ஒரு அதிரசம் எடுத்தார். அவர் எடுத்ததும் மற்றவர்களும் எடுத்தார்கள். யாரும் வாயில் வைக்கவில்லை. கையிலேயே பிடித்திருந்தார்கள். வரிசையாக வந்தாள். கடைசியில் ஜான்ராஜ். தட்டில் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது.

அவன் கஞ்சிராவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையை நீட்டினான். அவள் தட்டைத் தாழ்த்தவில்லை. அவன் பாதத்தைப் பார்த்தாள். குதிகாலில் அவள் பற்றுப் போட்ட இடம் வெளுத்துத் தழும்பாகியிருந்தது. பிறகு முகத்தைப் பார்த்தாள். அவன் கண் அவள் தலைக்கு மேல், ஜிகினாவில் இருந்தது.

"என்னையப் பாருங்க அண்ணே" என்றாள்.

அவன் பார்த்தான்.

"கண்ண மூடுனேன்னு அவுககிட்டச் சொன்னீக. பின்னால வாரேன்னாருன்னு எங்கிட்டச் சொன்னீக. ரெண்டுல எது நெசமோ அது போதும் எனக்கு. நான் கோவிக்க மாட்டேன். வேதத்துல கை வைக்க வேண்டாம். செல்வி நிக்கிறா, அவளுக்கும் கேக்கட்டும்."

காற்று வந்து ஜிகினா சரசரத்தது. நிலைக்கு உள்ளேயிருந்து மரியசெல்வி வெளிச்சத்துக்கு வந்தாள். ராஜாத்தி தட்டை இன்னும் கொஞ்சம் அருகே கொண்டுபோனாள்.

"அந்த மரத்தடியில இருந்து நீங்க எந்திரிச்சு நடக்கயில, அவுக ஒங்களப் பாத்துக்கிட்டு இருந்தாகளா அண்ணே, இல்லையா?"